உமி, கல், குருணை

ஒரு மனுவில் குறைகள் இருந்தால், அவற்றை எல்லாம் ஒரே தடவையில் சுட்டிக்காட்டித்தான் திருப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குறையாகச் சொல்லித் திருப்பக் கூடாது. அலுவலக நடைமுறையில் இதைவிடத் தெளிவான விதியை நான் பார்த்ததில்லை. புதிதாக வேலைக்கு வரும் உதவியாளர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பேன். சொல்லிக்கொடுத்துவிட்டு என் மேசைக்குப் போய், அதற்கு நேர்மாறாக நடந்துகொள்வேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் ஓடியது.

ஓய்வு பெற்ற மறு வருடம் என் உடம்பும் ஒரு மனுவைப் போலப் போளூரில் ஒரு டாக்டரின் மேசைக்குப் போனது. சர்க்கரை. முதல் தடவை அவர் இனிப்பை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டுப் போனேன். அரிசிச் சோற்றைக் குறைக்கச் சொன்னார். குறைத்துவிட்டுப் போனேன். தினமும் நடக்கச் சொன்னார். அதையும் செய்துவிட்டுப் போனபோது, ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபடியே, "வெறும் நடை பத்தாது சார், கொஞ்சம் மேடு ஏறணும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், கொறை எல்லாத்தையும் ஒரே தடவையா எழுதிக் குடுத்துடணும். அதான் ரூல்."

அவர் பேனாவை மூடினார். "உங்க உடம்பு ஒரே தடவையாவா சார் கெட்டுச்சி?"

மேடு ஏறுவதற்காகவே காவலூரில் வீடு பார்த்தோம். மலையில் வெளியாள் நிலம் வாங்கினால் என்னென்ன சிக்கல் வரும் என்பது எனக்குத் தெரியும். மலைக் கோப்புகள் பல ஆண்டுகள் என் மேசை வழியாகத்தான் போயின. அதனால் வாடகை வீடு. காலையில் வானோக்கு நிலையத்தின் வாசல்வரை நடந்து திரும்புவேன். மகள் அனுப்பிய கைக்கடிகாரம் அடிகளை எண்ணிக்கொண்டே வரும். சமையலறையில் ஒரு சின்னத் தராசு வாங்கி வைத்தேன். எதைச் சாப்பிட்டாலும் நிறுத்து, நோட்டில் எழுதினேன். தேதி, நேரம், பொருள், அளவு, குறிப்பு என்று ஐந்து பத்திகள் கோடு போட்டு.

என் மனைவி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "ஆபீஸ வுட்டுட்டு வந்தீங்கன்னு நெனச்சேன். அத்தயும் கூடவே கூட்டிகினு வந்துட்டீங்களா?"

ஓட்ஸ், பாதாம், ஆலிவ் எண்ணெய், சியா விதை என்று வேலூரிலிருந்து பை பையாக வந்தன. இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட ஆகும் செலவைவிட, நான் ஒருவன் அரை வயிறு சாப்பிட ஆன செலவு கூடுதலாக இருந்தது. ஊறவைப்பது, முளைகட்டுவது, அரைப்பது எல்லாம் அவள். சாப்பிட்டு எழுதுவது நான்.

"இந்த வெதைங்கள வாங்கற காசுக்கு ஒரு வெள்ளாடு வாங்கிக் கட்டியிருக்கலாம்" என்றாள். "அது துன்னுட்டு நோட்டெல்லாம் கேக்காது."

அப்புறம் சாமைக்கு வந்தேன். சர்க்கரைக்குச் சாமை நல்லது, ஆனால் தவிடு போகாத சாமையாக இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். வேலூர்க் கடையில் 'கைக்குத்தல் சாமை அரிசி' என்று அச்சடித்த பொட்டலம் கிடைத்தது. வீட்டில் பிரித்துப் பார்த்தால் பச்சரிசி போல வெள்ளை. தீட்டித் தீட்டித் தவிட்டின் சாயலே இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். பொட்டலத்தின் மேல் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று, உரிய பிரிவுகளைக் குறிப்பிட்டு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அவர்கள் மன்னிப்புக் கேட்டு, அதே பொட்டலம் ஒன்றை இலவசமாக அனுப்பினார்கள்.

என் வாடகை வீட்டைச் சுற்றி மலை முழுக்கச் சாமைக் கொல்லைகள். நான் வேலூரிலிருந்து பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தேன். இது உறைக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

அந்த அம்மாவை நான் முதலில் பார்த்தது காவலூர் பஸ் நிற்கும் இடத்தில். ஐம்பது வயது இருக்கும். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் உள்ளே ஒரு சின்ன ஊர். திங்கட்கிழமைகளில் ஜீப் பிடித்து, மிச்சத்தை நடந்து, புளியும் சாமையும் கொண்டு வந்து விற்பாள். கூடவே அவள் வீட்டுக்காரர், தலையில் துண்டு, எதற்கும் ஒரு கிண்டல்.

"தோலோட வேணுமா சார், அரிசியா வேணுமா?" என்று அவள் கேட்டாள்.

"அரிசி. ஆனா மிஷின்ல போட்டதா?"

"எங்க ஊர்ல மிஷின் எங்க சார் கீது? ஒரல்ல போட்டுக் குத்துனதுதான்."

அந்தப் பதில் எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. கையில் அள்ளிப் பார்த்தேன். மங்கலான பழுப்பு, தவிடு ஒட்டிய சாமை. வாரம் இரண்டு படி வேண்டும் என்று சொல்லிவைத்தேன். கடைப் பொட்டலத்துக்குக் கொடுத்ததைவிட ஒரு பங்கு கூடவே கொடுப்பதாகவும் சொன்னேன். தாராள மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரச் சாமையில் உமி இருந்தது. சோற்றில் அங்கங்கே தொண்டையில் குத்தியது. அடுத்த திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கொண்டுபோய், "உமி கீது பாரும்மா" என்று காட்டினேன். "செரிங்க சார், இன்னொரு வாட்டி குத்திக் கொண்டாறேன்" என்று வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் உமி இல்லை. கல் இருந்தது. பல்லில் பட்டது. அதையும் திருப்பினேன். "செரிங்க சார்." அதற்கடுத்த வாரம் கல்லும் இல்லை, ஆனால் திரும்பத் திரும்பக் குத்தியதில் பாதி உடைந்து குருணையாகியிருந்தது. குருணை சீக்கிரம் செரித்துவிடும், சர்க்கரை ஏறும். அதையும் திருப்பினேன்.

வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சாருக்கு சாமை வேணாம், முத்து வேணும். கடலுக்குத்தான் போவணும்."

"நீ சும்மா இரு" என்று அவரை அதட்டினாள் அவள். என்னிடம், "செரிங்க சார், பாத்து மெதுவா குத்துறேன்" என்றாள்.

நாலாவது வாரம் வந்த சாமையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மணியும் முழுசாக, தவிடு போகாமல், தோல் மட்டும் கழன்று இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அப்படித்தான் வந்தது. என் நோட்டில் காலைச் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்தது. டாக்டர் என் தாளை அடுத்த நோயாளிக்குக் காட்டி, "இந்த வயசுல இவரால முடியுது பாருங்க" என்றார். இவரால் என்றுதான் சொன்னார். நானும் மறுக்கவில்லை.

போன வருடம் கார்த்திகையில் இரண்டு திங்கட்கிழமை அவள் வரவில்லை. என் சாமை தீர்ந்துபோனது. சாமைக்காகத்தான், வேறு எதற்காகவும் அல்ல, மூன்றாவது வாரம் ஜீப் ஏறிப் போனேன். ஜீப் நின்ற இடத்திலிருந்து நடக்க வேண்டிய தூரத்தைக் கடிகாரம் ஆர்வமாக எண்ணியது.

வீட்டின் பக்கவாட்டில் உரலருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். உலக்கையை இடது கையால் மட்டும் தூக்கிப் போட்டாள். வலது கை இடுப்போடு ஒட்டிக் கிடந்தது. நாலு குத்து, ஒரு மூச்சு. என்னைப் பார்த்ததும் பதறி, "சார், உங்களுதுதான், ஆயிடும்" என்றாள்.

வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். "தோளு புடிச்சிக்கினு மேல தூக்க வரல சார். தலை சீவுறது கூட நான்தான். கோணல் வகிடு எடுக்கிறேன்னு திட்டு வேற."

நான் அதுவரை உரலில் சாமை குத்திப் பார்த்ததே இல்லை. நெல்லைப் போல அல்ல அது. தோல் இறுகிக் கிடக்கும். குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, சலித்து, கல் பொறுக்கி, மறுபடி. ஓங்கிக் குத்தினால் குருணை, மெதுவாகக் குத்தினால் உமி. நான் கேட்ட மாதிரி வேண்டுமென்றால் மெதுவாக, ஆனால் பல மடங்கு தடவை குத்த வேண்டும். என் இரண்டு படிக்கு இரண்டு பகல் ஆகும் என்று சாதாரணமாகச் சொன்னாள். கைக்குத்தல் என்ற சொல்லைக் கடைக் கடிதத்தில் நாலு இடத்தில் அடிக்கோடிட்டு எழுதியவன் நான். அதில் இருப்பது யாருடைய கை என்று யோசித்ததில்லை.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். தட்டில் வந்தது வெள்ளை வெளேரென்று ரேஷன் அரிசிச் சோறு.

"சாமை ஆக்கலியா?" என்று கேட்டேன்.

வீட்டுக்காரர் சிரித்தார். "சாமைய யாரு சார் குத்தித் துன்றது? நோம்புக்கு ஒரு நாளு, அவ்ளோதான். அது விக்கிறதுக்கு. இது ரேஷன்ல வர்து, களைஞ்சி ஒலையில போட்டா சோறு."

சர்க்கரைக்கு ஆகாது என்று நான் அந்தச் சோற்றைத் தொடவில்லை. குழம்பை மட்டும் குடித்தேன். இதையும் எழுதிவிட வேண்டும்.

"ஊருக்கு ஒரு மிஷின் கேட்டு எழுதிப் போட்டிருக்கலாமே" என்றேன். எழுதப் படிக்கத் தெரிந்தவன் எங்கு போனாலும் சொல்கிற வாக்கியம்.

"போட்டோமே சார்" என்றாள் அவள். "அப்ப நான்தான் மகளிர் குழு தலைவி." உள்ளே போய், ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். கார்டுக்குப் பின்னால் மடித்த மூன்று கடிதங்கள்.

பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. பார்வையில் காணும் மனு கீழ்க்காணும் குறையினால் திருப்பி அனுப்பப்படுகிறது. முதல் கடிதம்: குழுவின் தீர்மான நகல் இணைக்கப்படவில்லை. இரண்டாவது, நாலு மாதம் கழித்து: மின் இணைப்புச் சான்று இணைக்கப்படவில்லை. மூன்றாவது, இன்னும் ஐந்து மாதம் கழித்து: இயந்திரம் வைக்கும் கட்டடத்தின் உரிமைச் சான்று இணைக்கப்படவில்லை. மூன்றிலும் 'அலுவலருக்காக' என்ற இடத்தில் ஒரே கையெழுத்து. பெயர் இல்லை, கையெழுத்து மட்டும். என்னுடையது.

அந்தக் கோப்பு எனக்குச் சுத்தமாக நினைவில்லை. நினைவில் வைக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை அது. காலாண்டு முடியும்போது நிலுவைப் பட்டியல் மேலே போகும். திருப்பிய மனு தீர்ந்த மனுவாகக் கணக்காகும். எல்லாக் குறையையும் ஒரே தடவையில் சொன்னால் அவர்கள் எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு வந்துவிடுவார்கள். அப்புறம் உண்மையாகவே வேலை செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொன்றாகச் சொன்னால் ஒரே மனுவை மூன்று முறை தீர்க்கலாம். மூன்றாவது குறை எப்போதும் கடைசிக் குறையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். காட்டோரத்தில் இருக்கும் அந்த மாதிரி ஊர்களில் யாரிடமும் கட்டட உரிமைச் சான்று இருக்காது என்று எனக்குத் தெரியும். இயந்திரத்தை ஊர்ப் பொதுக் கட்டடத்தில் வைத்தால் அந்தச் சான்றே தேவையில்லை என்பதும் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

"கையெழுத்து பாருங்க சார்" என்றாள் அவள், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "மூணு தாள்லயும் ஒண்ணுபோல, கொஞ்சம் கூட கோணாம. பெரிய படிப்பு படிச்சவரா இருக்கும்."

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டே சொல். வீட்டுக்காரர் வேறு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிதங்களை இருந்த மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்துக் கொடுத்தேன்.

இனி எனக்குச் சாமை குத்த வேண்டாம் என்று சொன்னேன். பெரிய நியாயம் செய்வதாக நினைப்பு.

அவள் முகம் மாறியது. "இன்னா சார், இந்த வாட்டி இன்னா கொறை?"

"கொறை ஒண்ணும் இல்லம்மா. கை சரியாவட்டும்."

"கை செரியாயிடும் சார். வேற எடத்துல சொல்லிட்டீங்களா?"

அவள் வீட்டுக்கு வாரா வாரம் வந்துகொண்டிருந்த கைக்காசு என்னுடையதுதான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் தோளைக் கெடுத்ததும் நான், அதை நிறுத்துவதாகச் சொல்லி அவள் வருமானத்தை நிறுத்தியதும் நான். குத்தாமலேயே காசு தருகிறேன் என்றேன். வீட்டுக்காரர், "அதெல்லாம் வேணாம் சார், போய்ட்டு வாங்க" என்றார். முதல் தடவையாக அவர் குரலில் கிண்டல் இல்லை.

மார்கழியில் மனு எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு மனு எழுதியதில்லை. தீர்மான நகல், மின் இணைப்புச் சான்று, ஊர்ப் பொதுக் கட்டடத்தில் வைப்பதற்கான சம்மதக் கடிதம், இணைப்புகளுக்குப் பக்க எண், முகப்பில் பட்டியல். குழுவின் சார்பில் அவளே, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தாங்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டித் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். பதில் முகவரியாகக் காவலூர் வீட்டைக் கொடுத்தேன்.

மாசியில் திரும்பி வந்தது. குழுவின் தீர்மான நகல் இணைக்கப்படவில்லை. அது நாலாம் பக்கத்தில் இருந்தது.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவன் நான் பயிற்சி கொடுத்த உதவியாளன். இப்போது என் நாற்காலியில் இருக்கிறான்.

"சார்! நீங்களா? ஒடம்பு நல்லா கீதா சார்? சுகர்லாம் கன்ட்ரோல்னு கேள்விப்பட்டேன்."

"தீர்மானம் நாலாம் பக்கத்துல கீதுப்பா."

"இருக்கும் சார். மார்ச்சு வர்து, நிலுவை காட்டக்கூடாதுன்னு திருப்பிட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார்." சிரித்தான். மனசில் எந்தக் கெடுதலும் இல்லாத சிரிப்பு. "மறுபடியும் போடுங்க சார், பாத்துக்கலாம்."

மறுபடியும் போட்டேன். நேரில் போனேன். அவன் தேநீர் வாங்கிக் கொடுத்தான். வைகாசியில் இன்னொரு குறிப்பு வந்தது, மின் இணைப்புச் சான்றின் நகலில் முத்திரை தெளிவாக இல்லை என்று. அதையும் சரிசெய்து அனுப்பினேன். என் மனைவி கதவருகே நின்று, நான் உறையை ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன், அந்தக் கையெழுத்து யாருடையது என்று.

"அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"மிஷின் வரட்டும். வந்தப்புறம் சொல்றேன்."

"அதுவும் திருப்பி அனுப்பற குறிப்புதானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஆனியில் வீட்டுக்காரரைக் காவலூரில் பார்த்தேன். தனியாக வந்திருந்தார், புளி மட்டும் கொண்டு. ஆஸ்பத்திரியில் பார்த்ததில் அவளுக்கும் சர்க்கரை இருக்கிறது என்றார்களாம். தோள் பிடித்துக்கொள்வது சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வருமாம்.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா சார்? அரிசிய வுட்டுட்டு சாமை துன்னணுமாம்." அவர் சிரிக்க முயன்றார். "குத்திக் குடுக்க யாருன்னு கேட்டேன். உங்க ஊர்ல மிஷின் இல்லியான்றாங்க."

நான் புளியின் கொட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இந்த வருசம் சாமை போடல சார்" என்றார். "மழை நல்லாத்தான் பேஞ்சிது. எல்லாரும் வெதச்சிட்டாங்க. அவளால களை எடுக்க வராது, குத்த வராது. போட்டு இன்னா பண்றது? நெலத்த சும்மா வுட்டுட்டேன்."

"மிஷின் வந்துடும். கொஞ்சம் மட்டும் போட்டு வைங்க."

"வரட்டும் சார். ஊர்ல மத்தவங்களுக்காவது ஆவும்." துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு ஜீப்பைப் பார்த்துப் போனார்.

பதில் வந்தபோது நான் நடை முடித்துத் திரும்பியிருந்தேன். தபால்காரர் வாசலிலேயே கொடுத்தார். நின்றபடியே படித்து, சட்டையைக்கூட மாற்றாமல் ஜீப் ஏறினேன். வழியெல்லாம் சாமை முழங்கால் அளவு எழுந்து பச்சையாக நின்றது. அவர்களுடைய கொல்லையில் மட்டும் புல்.

கவிழ்த்துப் போட்ட உரலைப் போல அவள் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வகிடு கோணலாக இருந்தது. கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இயந்திரம் அனுமதிக்கப்பட்டுள்ளது. ஊர்ப் பொதுக் கட்டடத்தில் நிறுவித் தரப்படும். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, கடிதத்தை இடது கையில் வாங்கி, கீழே இருந்த கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது வேற கையெழுத்து" என்றாள். "பழைய சார் இல்ல போல."

"இல்ல."

"இந்த வாட்டி கொறை ஒண்ணும் எழுதலியா சார்?"

மறுபடி ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்தேன், பழக்கம். ஒன்றும் இல்லை. பழைய சார் யார் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. இதை எழுதும் இன்றுவரை சொல்லவில்லை. பேனாவை எடுத்து, கடிதம் வந்த உறையின் ஓரத்தில் பெறப்பட்ட தேதியை மட்டும் குறித்துக் கொடுத்தேன். ஆடிப்பெருக்குக்கு மறுநாள், ஆடி பத்தொன்பது.